நாற்பத்தொன்றாம் வீட்டுச் செல்லன்

உலகத்தில் எனக்குப் பயம் இரண்டே இரண்டுதான். ஒன்று இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி. அப்பாவின் ஒரு காலை வாங்கிக்கொண்டு போனது அது. இன்னொன்று நல்லம்மாள், என் சம்சாரம். எந்தப் பயம் பெரிது என்று கேட்காதீர்கள், அவள் அடுப்படியில்தான் இருக்கிறாள்.

பன்னிரண்டு வருஷமாகச் சத்துணவு ஆராய்ச்சி என் வேலை. கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளர் லயம் லயமாகப் போய், தே தண்ணியில், அதுதான் டீயில், இனிக்கிற டின் கட்டிப்பாலைக் குறையுங்கள், கீரையைக் கூட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுவிடும். அந்த வறட்சிக்கு ஜெராமில் அண்ணனாய்ப் பழகும் மீரா முகைதீன் காக்கா கடையில் கட்டிப்பால் தே மூன்று குவளை. ஊருக்குத்தானே உபதேசம்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஒரு தோட்டத்தில் நாற்பது வீட்டாருக்கும் இரத்தத்தில் சர்க்கரை சோதித்தோம். கை சும்மா இருக்குமா? என் விரலையும் குத்திப் பார்த்தேன். பதினாலு. அதில் பாதி இருந்தாலே மற்றவர்களைத் திட்டுகிறவன் நான். என் பேரை எழுதினால் நல்லம்மாள் கண்ணில் படும்; என் கோழிக் கிறுக்கலைப் பார்த்து சோதனை அட்டைகளைத் திருத்தி எழுதித் தருகிறவளே அவள்தான். எழுதாமல் விடவும் ஆராய்ச்சி மனசு கேட்கவில்லை. ‘செல்லன், வீட்டு எண் 41’ என்று எழுதிவைத்தேன்.

சாயங்காலம் அவள் அந்த அட்டையிலேயே நின்றுவிட்டாள்.

“என்னங்க, இந்தச் செல்லனுக்குப் பதினாலாமே. பொண்டாட்டி இருக்காளா?”

“இருக்கா.”

“அவளுக்குத் தெரியுமா?”

“சொல்லப் பயப்படறான்.”

“பாவம்லா. அப்படி என்னதான் குடிக்கிறான்?”

செல்லனுக்காக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எந்தக் கடை, எத்தனை குவளை என்பது வரைக்கும். அவள் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஒரு போத்தல் நிறையப் பாகற்காய்ச் சாறு கொடுத்தாள். செல்லனிடம் சேர்த்துவிடச் சொன்னாள். தப்பித்தோம் என்று அதைக் காரில் போட்டுக்கொண்டு நேரே ஜெராமுக்கு ஓட்டினேன். உயிர்ப் பயத்துக்கும் ஒரு தே வேண்டியிருக்கிறது.

காக்கா என் முன்னால் வைத்தது கறுப்புத் தே. பால் இல்லை, சீனியும் இல்லை.

“காக்கா, இது எனக்கில்ல.”

“உங்களுக்குத்தான். காலையிலேயே நல்லம்மா தங்கச்சி போன் போட்டுச்சு. நாப்பது வீட்டுத் தோட்டத்துல நாப்பத்தொன்னாம் வீடு யாரு வீடுன்னு அதுக்குத் தெரியாதா?” காக்கா மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “கார்ல பாகற்காச் சாறு இருக்காம். போய் எடுத்துட்டு வாங்க, செல்லன்.”