பூனை கேட்ட கேள்வி

“சொல்லிட்டேன்! அந்த முடிவு மட்டும் என் காதுல விழுந்துச்சு, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்!”

பல் டாக்டர் அன்று காலை கிளினிக்குக்குள் காலடி வைத்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான். பல்லைக் குடையும்போது போடுகிற பிளாஸ்டிக் கண்ணாடியை வாசலிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கேட்டதற்குக் கண்ணில் அலர்ஜி என்றார்.

“நேத்து நீங்க பாக்கலயா சார்?” என்றாள் ரிசப்ஷன்.

அவளுக்கும் அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. அந்தக் கிளினிக்கில் அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்தான் யாரும் இல்லை. “ரிசப்ஷன், அடுத்த ஆள்!” “ரிசப்ஷன், அந்த எக்ஸ்ரே எங்க?” என்று கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் வீட்டுப் போனை எடுத்தாலும் அவள் “ரிசப்ஷன் பேசறேன்” என்றுதான் சொல்கிறாள்.

“எங்க வீட்டு டிவி படுத்துருச்சு. ரிப்பேர்காரர் சாயங்காலம்தான் வர்றாரு. அதுவரைக்கும் இந்தக் கட்டடத்துல ஒருத்தர் அதைப் பத்தி மூச்சு விடக் கூடாது” என்ற டாக்டர், உள்ளே போகத் திரும்பியவர், நின்றார். “அப்புறம் இன்னொண்ணு. ஊசி போடறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் நான் ஒண்ணு கேப்பேன்ல? இனிமே அதை நீயே வெளியில கேட்டு, எழுதி அனுப்பிடு, நேரம் மிச்சமாகும்.”

ரிசப்ஷன் சரியென்று தலையாட்டிவிட்டு, ஆட்டிய தலையிலேயே கையை வைத்துக்கொண்டாள்.

அவர் கேட்கிற அந்த ஒண்ணு, “சாப்பிட்டீங்களா?” வெறும் வயிற்றில் மரத்துப்போகிற ஊசியைப் போட்டால் சில பேர் பொத்தென்று விழுந்துவிடுவார்கள். அதனால் கேட்பது. பச்சைக் குழந்தைகூடப் பயமில்லாமல் கேட்கக்கூடிய கேள்வி. நேற்று மாலை ஏழரை மணி வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

‘ஏணிக்கு அப்பால்’ தொடரைப் பார்க்காத புண்ணியவான்களுக்காகக் கதையைச் சொல்லிவிட வேண்டும். கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவன் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறான். பரணில் ஒரு பெண் ஆவி. தினமும் அவன் வேலை முடிந்து வந்ததும், ஏணி உச்சியில் உட்கார்ந்துகொண்டு, “சாப்பிட்டியா?” என்று கேட்பாள். அவன் காதில் விழாது. வீட்டுப் பூனை மட்டும் நிமிர்ந்து பார்க்கும். இருபத்தாறு வாரம் இதே கூத்து. நேற்று கடைசி வாரம். அவன் தன் உயிரைக் கொடுத்து அவளை மனுஷியாக்கிவிட்டு, தான் ஆவியாகிவிடுகிறான். இப்போது அவள் கண்ணுக்கு அவன் தெரியவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போயே போய்விடுகிறாள். காலி வீட்டில், பரணில், அவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். பூனை மெதுவாக ஏணியேறி வருகிறது. அவன் முகத்தைப் பார்க்கிறது. பிறகு வாயைத் திறந்து, சுத்தமான மனுஷக் குரலில், “சாப்பிட்டியா?” என்று கேட்கிறது.

அவ்வளவுதான். படம் நின்றுவிட்டது.

ரிசப்ஷன் முதலில் சிரித்தாள். பிறகு தலையணையை எடுத்து டிவி மேல் எறிந்தாள். “பூனை பேசுதாம் பூனை! இதுக்கா இருபத்தாறு வாரம் உக்காந்தேன்?” என்று கத்தினாள். கத்திவிட்டு, எறிந்த தலையணையையே எடுத்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். காலையில் பல் விளக்கும்போது மறுபடி கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போது மறுபடி கண் கலங்கியது. நல்ல முடிவா, நாசமாய்ப் போன முடிவா என்று அவளுக்கே இன்னும் பிடிபடவில்லை.

பிடிபடாவிட்டாலும் வாயை மூடித்தான் ஆக வேண்டும். ஏனென்றால், மூன்று மாதத்துக்கு முன் இந்தத் தொடரின் முதல் பாதி முடிந்த விதத்தை டாக்டரிடம் டீயோடு சேர்த்து நீட்டிய பழைய ரிசப்ஷன், இப்போது இதே தெருக்கோடியில் உள்ள ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கிறாள். இவளுக்கோ இன்றோடு மூன்று மாதத் தற்காலிகம் முடிகிறது. வேலை நிரந்தரம் என்கிற கடிதம் டைப் அடித்து டாக்டர் மேஜை டிராயரில் இருக்கிறது. சாயங்காலம் கையெழுத்து விழ வேண்டும். இதுவரை அவள் பார்த்த ஐந்து வேலையில், முதுகு சாய்கிற நாற்காலி உள்ள வேலை இது ஒன்றுதான்.

முதல் ஆள், ஒரு டீச்சர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்திருந்தார்.

ரிசப்ஷன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “டீச்சர், சாப்பிட்டீங்களா?” என்றாள்.

டீச்சர் உதடு துடித்தது. “ஐயோ, அந்தப் பூனை மாதிரியே கேக்குறியேம்மா!” என்று கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

“ஷ்ஷ்! டீச்சர், மெதுவா!”

ரிசப்ஷனுக்கும் டாக்டருக்கும் நடுவில் இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு. இங்கே தும்மினால் அங்கே மேஜை ஆடும். ரிசப்ஷன் காதைத் தீட்டிக் கேட்டாள். உள்ளே குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம். டாக்டர் கை கழுவுகிறார். நல்லவேளை, கேட்டிருக்காது.

வாயால் கேட்டால்தானே வம்பு என்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. “உணவு உட்கொண்டீரா? ஆம் / இல்லை” என்று கொட்டை எழுத்தில் எழுதி, பத்து சீட்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தாள். ‘உட்கொண்டீரா’ என்ற சொல்லுக்கு எந்தப் பூனையும் உரிமை கொண்டாட முடியாது என்று அவளுக்கு ஒரு பெருமை.

இரண்டாவது ஆளான லாரி டிரைவர் சீட்டை உற்றுப் பார்த்தார். ஆமாமும் போடாமல் இல்லையும் போடாமல், கீழே ஒரு வரி எழுதினார். எழுதிய வேகத்தில் தானே எழுந்து அதை ஃபைலில் செருகி, உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தும் விட்டார். அவர் என்ன எழுதினார் என்பதைப் பக்கத்து நாற்காலிக்காரர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இந்தக் கேள்வியப் பூனை கேக்கச் சொல்லிச்சான்னு எழுதியிருக்காருங்க.”

ரிசப்ஷன் உள்ளே பாய்ந்தாள். டாக்டர் ஃபைலைத் திறந்துகொண்டிருந்தார். ஒரே பிடுங்கு. சீட்டு அவள் கைக்குள்.

“என்னம்மா அது?”

“எழுத்துப் பிழை சார்.”

“குடு, பாப்போம்.”

“ரொம்ப அசிங்கமான எழுத்துப் பிழை சார்!” என்று வெளியே ஓடிவந்தாள். பின்னாலேயே குழாய்ச் சத்தம்.

வெளியே அதற்குள் நாலு பேர் கூடிக் கூடிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். “அவ எப்படிங்க அவனை மறந்துட்டுப் போவா?” என்று ஒரு அம்மாள். “மறக்கல, தெரியல. ரெண்டும் வேற” என்று ஒரு ரிடையர்டு ஆள். ரிசப்ஷனுக்கு நாக்கு நமநமவென்றது. பூனைக்கு முதல் வாரத்திலிருந்தே எல்லாம் தெரியும், அது தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டிவிட்ட காட்சியைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நர்சக்காவிடம் போனாள்.

நர்சக்கா பேய்க் கதை என்றாலே போர்வைக்குள் போய்விடுகிற ஜாதி. அந்தத் தொடரில் ஒரு வாரம்கூடப் பார்த்ததில்லை.

“அக்கா, வெளிய உக்காந்திருக்கிற எல்லாருக்கும் இப்பவே வாயில பஞ்சு வெச்சிடுங்க. உள்ள போனா நேரம் மிச்சமாகும்.”

“டாக்டர் சொன்னாரா?”

“நேரம் மிச்சமாகணும்னு அவர்தான் காலையில சொன்னாரு.”

அது பொய்யில்லை. நர்சக்கா ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடமாட்டாள். ஐந்தே நிமிடத்தில், ஊசி போட்டுக்கொண்டு மரத்துப்போகக் காத்திருந்த டீச்சர், லாரி டிரைவர் உட்பட, வரிசையாக உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் இரண்டு கன்னமும் உப்பிவிட்டது. பேரனுக்குத் துணைக்கு வந்தவருக்கும் பஞ்சு. பார்சல் கொடுக்க வந்த கூரியர்காரர், கையெழுத்துக்காகச் சும்மா உட்கார்ந்தவர், அவருக்கும் பஞ்சு. “உம், உம்” என்று அவர் கையை ஆட்டியதை, வலி தாங்காமல் துடிக்கிறார் என்று நினைத்து நர்சக்கா இன்னும் ஒரு உருண்டை சேர்த்து வைத்தாள்.

கிளினிக் கோயில் மாதிரி அமைதியாகிவிட்டது. ரிசப்ஷன் நிம்மதியாக நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள். அந்த நிம்மதியில்தான், பஞ்சு வைத்த வாய் சாப்பிட்டதா இல்லையா என்பதையும் சொல்லாது என்பதை மறந்துபோனாள்.

சாய்ந்த முதுகு நிமிர்வதற்குள் உள்ளே டமார் என்று ஒரு சத்தம். அடுத்த ஆளாக உள்ளே போயிருந்த போட்டோ ஸ்டூடியோக்காரர் ஊசி போட்ட கையோடு நாற்காலியிலிருந்து வழுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

“ரிசப்ஷன்! கேக்கச் சொன்னேனே, கேட்டியா?” என்று டாக்டர் கத்தினார்.

அவள் உள்ளே ஓடினாள். வெளியே இருந்தவர்களெல்லாம் உப்பின கன்னத்தோடு வாசலில் கூடிவிட்டார்கள். நர்சக்கா சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டி, வாய்ப் பஞ்சை எடுத்து, தலையைக் கோதி, பெற்ற தாய் போல அன்பாகக் கேட்டாள்:

“சாப்பிட்டியா?”

கேட்டதுதான் தாமதம். போட்டோக்காரர் மலங்க மலங்க விழித்து, “நான் செத்துட்டனா? இது பரணா?” என்றார். டீச்சர் விக்கி அழ ஆரம்பித்தார். லாரி டிரைவர் சிரித்த சிரிப்பில் பஞ்சு பறந்து எக்ஸ்ரே மேல் ஒட்டிக்கொண்டது. கூரியர்காரர் தன் வாயிலிருந்த மூணு உருண்டையையும் பிடுங்கி எறிந்துவிட்டு, “அது அநியாய முடிவுங்க! நேத்துலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல!” என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் பல்லுக்காக வரவில்லை என்பதே அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

“ஐயோ, சொல்லாதீங்க! சொல்லாதீங்க!” என்று ரிசப்ஷன் பாய்ந்து, எச்சில் உறிஞ்சுகிற குழாயைத் திறந்தாள். பல் குடைகிற மிஷினைப் போட்டாள். மாவு மில் மாதிரி சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே டாக்டர் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

குழாய்ச் சத்தம் கால் மணி நேரம் நிற்கவில்லை. வெளியே வந்தபோது முகம் சிவந்து கிடந்தது. கோபம்தான், வேறென்ன?

“எல்லாரையும் அனுப்பிட்டு உள்ள வா” என்றார்.

உள்ளே மேஜை மேல் கடிதம் இருந்தது. பக்கத்தில் பேனா, மூடி போட்டபடி.

“வாய்ல பஞ்சு வெச்சது யாரு யோசனை?”

“என்னுதுதான் சார்.”

“மயங்கி விழுந்தாரே, அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா? ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொன்னேன். வாயத் தொறந்து அதைக் கேக்க உனக்கு என்ன கஷ்டம்?”

காரணத்தைச் சொன்னால் வேலை தப்பிக்கும். காரணத்தைச் சொன்னால் பூனை பேசியதையும் சொன்னதாகிவிடும். ரிசப்ஷன் கடிதத்தைப் பார்த்தாள். தன் பேர் அதில் முழுசாக டைப் அடித்திருந்தது. இந்தக் கிளினிக்கில் அவள் தன் பேரைப் பார்ப்பதே அதுதான் முதல் தடவை. பார்த்ததும் அழுகை முட்டியது. ஆனாலும் அந்தக் காட்சி நினைவுக்கு வந்தது: காலி வீடு, ஏணி, மெதுவாக ஏறிவருகிற பூனை. ஒன்றுமே தெரியாமல் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டிய காட்சி அது. நல்ல முடிவுதான். ரொம்ப நல்ல முடிவு. நேற்றிலிருந்து பிடிபடாதது அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குப் பிடிபட்டது. அதை இந்த மனுஷனிடமிருந்து பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை.

“மன்னிச்சிடுங்க சார். காரணம் இருக்கு. ஆனா சொல்ல முடியாது.”

“வேலை போனாலுமா?”

“போனாலும் சொல்ல மாட்டேன் சார்.”

டாக்டர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கண்ணாடிக்குள் விரலை விட்டுக் கண்ணைக் கசக்கினார். “அலர்ஜி” என்றார். “வெளிய இரு. யோசிச்சுச் சொல்றேன்.”

ரிசப்ஷன் வெளியே வந்து தண்ணீர் பாட்டிலையும் சீப்பையும் கைப்பையில் எடுத்து வைத்தாள். முதுகு சாய்கிற நாற்காலியை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள். தெருக்கோடியில் தெரிந்த கண் ஆஸ்பத்திரி போர்டைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

அப்போது டாக்டரின் மனைவி கையில் டிபன் கேரியரோடு உள்ளே வந்தார்.

“என்னம்மா, இன்னைக்கு உனக்கு லெட்டர் குடுக்கறேன்னு சொன்னாரே, குடுத்தாரா?”

“இன்னும் இல்லக்கா. யோசிக்கணுமாம். டிவி ரிப்பேர்காரர் வந்துட்டாராக்கா?”

“எந்த டிவி? எங்க வீட்டு டிவி நல்லாத்தானே ஓடுது!” என்ற அந்த அம்மாள் கேரியரை மேஜை மேல் வைத்துவிட்டு, பிளைவுட் தடுப்பை ஒரு பார்வை பார்த்து, குனிந்து, ரகசியமாகச் சொன்னார்:

“காலையிலேர்ந்து பட்டினி, நீயே உள்ள குடுத்துடு. ஆனா ‘சாப்பிட்டீங்களா’ன்னு மட்டும் கேட்டுடாத தாயே, நேத்து அந்தப் பூனை கேட்டதுலேர்ந்து அந்த ஒரு வார்த்தையக் கேட்டாலே மனுஷன் குழாயத் தொறந்து விட்டுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழறாரு!”