வள்ளத்தின் அடியைத் தடவிப் பார்த்த சுரண்டியார்

தங்கச்சிமடம் கடற்கரையில் ஒருத்தன் முகத்தைப் பார்க்காமல், அவன் வள்ளத்தின் அடியைத் தடவியே குணம் சொன்ன மனுசன் சுரண்டியார் ஒருத்தர்தான். அவருக்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது.

வெள்ளைக்காரன் போன புதுசு அது. அவருக்குன்னு ஒரு பேர் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. கரையேத்திச் சாய்ச்சுப் போட்ட வள்ளங்களில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுத்து, தேங்காய் நாரால் தேய்ச்சு, சுறா எண்ணெய் பூசுவது அவர் தொழில். சிப்பி கிழிக்காமல் இருக்கக் கையில் சாக்குத்துணி சுத்திக்குவார். அவர் தேய்ச்ச பலகையில் உட்கார்ந்த காக்கா வழுக்கி விழுந்ததை நானே பார்த்திருக்கேன்.

வேலை முடிஞ்சதும் கண்ணை மூடிக்கிட்டு, கன்னத்தைப் பலகையில் வைச்சு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்வார். கண்ணு ஏமாத்தும், கன்னம் ஏமாத்தாதாம். திருப்தியானால் "வழுக்குது" என்பார். அதுக்கு மேல ஒரு பாராட்டு அவரிடம் கிடையாது. ஒரு திருவிழாவில், பட்டு வேட்டியோட கோயில் வாசலில் நின்ன, நாலு வள்ளம் வைச்சிருந்த சம்மாட்டி ஒருத்தரிடம், "மேல அத்தரு, அடியில பாசியாக்கும்?" என்று கேட்டுட்டுப் போனார். அந்த மனுசன் பூசை முடியுமுன்னே வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கரைக்கு ஓடினார்.

அடியைக் கவனிக்கிறவன், யாரும் பார்க்காத இடத்திலும் ஒழுங்கா இருப்பான் என்பது அவர் எண்ணம். அதனால் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வள்ளத்தைப் பார்த்துவர அவரைத்தான் அனுப்புவார்கள். அவர் வாயில் பொய் வராது.

என்னைப் பாம்பனிலிருந்து ஒருத்தர் பெண் கேட்டு வந்தார். அதுக்கு முன்னே ரெண்டு பேரை வேணாம்னு சொன்னவள் நான். இவரைக் கதவு மறைவிலிருந்து ரெண்டு தடவை எட்டிப் பார்த்தேன். என்னைப் பெத்த அய்யா வழக்கம்போல சுரண்டியாரை அனுப்பினார்.

திரும்பி வந்தவர், "மேல பச்சையும் செவப்புமா பெயிண்டு அடிச்சிருக்கான். அடியில ஒரு மரக்கால் சிப்பி கெடக்கு" என்றார். அய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

நான் சுரண்டியாருக்குக் கொண்டுவந்த கஞ்சிச் செம்பை டங்குன்னு வைச்சேன். அழுதேன்னு யாரும் நினைக்க வேணாம். முகத்தைத் திருப்பிக்கிட்டேன், அவ்வளவுதான். அவர் கஞ்சியைத் தொடாமல் என்னையே பார்த்தார். அப்புறம் அய்யாவிடம், ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை பார்த்துட்டு வாரேன்னு சொன்னார். ஒரு வள்ளத்தை அவர் ரெண்டாம் தடவை பார்த்ததா அந்தக் கரையில் பேச்சே இல்லை.

ஞாயித்துக்கிழமை வந்து, வாசலில் உட்கார்ந்திருந்த அய்யாவுக்கு எதிரே, கை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கிட்டு நின்னார்.

"வள்ளம் வழுக்குது. பொண்ணைக் குடுங்க."

"நாலு நாள்ல எப்படிய்யா வழுக்கும்?"

"நம்பலைன்னா வந்து தடவிப் பாருங்க."

அய்யா தடவப் போகவில்லை. சரின்னுட்டார். தெருவிலிருந்து தண்ணிக் குடத்தோட வந்த எனக்குச் சுரண்டியார் முதுகும், பின்னால் கட்டின கையும்தான் தெரிஞ்சுது. பத்து விரலிலும் சிப்பி கிழிச்ச புதுக்காயம்.

மீதியைக் கல்யாணத்துக்கப்புறம் என் வீட்டுக்காரர் சொன்னார். கஞ்சியைத் தொடாமல் போன மறுநாள் விடியக்காலையில் சுரண்டியார் பாம்பன் கரையில் வந்து நின்னாராம். தன் சாக்குத்துணியை அவிழ்த்து இவர் கையில் சுத்திவிட்டாராம்.

"எனக்குப் பொய் சொல்ல வராதுலே. அதான் உண்மையாக்கிட்டுப் போகலாம்னு வந்தேன். சுரண்டு."

நாலு நாளும் அவர் வெறுங்கையால் சுரண்டியிருக்கார்.

அடுத்த வாரமே நடந்த கல்யாணப் பந்தியில் சுரண்டியார் சாப்பிடக் கரண்டி கேட்டார். சாம்பார்க் கரண்டியைக் கொடுத்துட்டு, சீமைத்துரை வந்திருக்காருன்னு பந்தியே சிரிச்சுது. குழம்புச் சோறு பட்டால் அந்த விரல் என்ன எரிச்சல் எரியும்னு எனக்குத் தெரியும். மாலையும் கழுத்துமா எழுந்துபோய், அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சோத்தைப் பிசைஞ்சு, உருட்டி உருட்டிக் கரண்டியில் வைச்சேன்.

ஒரு வாய் வாங்கினார். கண்ணை மூடிக்கிட்டு மென்னார்.

"வழுக்குது தாயி" என்றார்.