சொறிந்தால் மட்டும் புரிந்துகொண்ட ரேடார்

ஒரு காட்டில் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே அணில் செண்பகம் வேலை பார்த்தாள். காது கேளாத விலங்குகள் கையால் பேசுவதைக் கொக்கு டாக்டருக்கு எடுத்துச் சொல்வது அவள் வேலை. எல்லாம் ஒழுங்காக நடந்ததால் யாருக்கோ பொறுக்கவில்லை. வௌவால் இன்ஜினீயரைக் கூப்பிட்டு ரேடார் வைத்துவிட்டார்கள்.

"இது கேமரா இல்லீங்க. மூஞ்சியப் பாக்காது. கையசைவ மட்டும் பாத்து ஸ்கிரீன்ல எழுதிடும். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு கரெக்ட்டு" என்றது வௌவால். மெஷினுக்குச் சைகை கற்றுக்கொடுத்தவை குரங்குகள். காட்டில் வேலைவெட்டி இல்லாமல் இருந்தவை அவைதான். செண்பகத்தை டோக்கன் கொடுக்க மாற்றினார்கள்.

ஒரு நாள் காலையில் கரடி வெள்ளையம்மா ஓடிவந்தாள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், நல்ல கருப்பு. காது கேட்காது. இடுப்பில் இருந்த குட்டிக்குத் தொண்டைக்குள் தேனீ கொட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. குட்டியைப் பெஞ்சில் கிடத்திவிட்டு, ரேடார் முன்னால் நின்று இரண்டு கையாலும் சொன்னாள்.

ஸ்கிரீனில் வந்தது: "வாழைப்பழம் வேண்டும்."

மறுபடி சொன்னாள். இப்போது ஸ்கிரீனில்: "இரண்டு வாழைப்பழம் வேண்டும்."

செண்பகம் பதறினாள். "ஐயா, பிள்ளைக்குத் தொண்டையில தேனீ கொட்டிடுச்சாம்!"

"நீ சொன்னா ரெக்கார்டு ஆகாதும்மா. ஸ்கிரீன்ல வரட்டும்" என்றார் கொக்கு. பாவி, குட்டியின் உதடு அவர் கண்ணெதிரே நீலமாகிக்கொண்டிருந்தது.

"மெஷின்ல கோளாறு இல்லீங்க. இந்தம்மா கைதான் தப்பு" என்றது வௌவால்.

சற்று முன் வந்த காது கேளாத குரங்கு சொன்னது மட்டும் மெஷினுக்கு எப்படிப் புரிந்தது? செண்பகம் யோசித்தாள். குரங்குகள் எதைச் சொன்னாலும் நடுநடுவே விலாவைச் சொறியும். சொறிய மறந்து அவை கேட்பது வாழைப்பழம் ஒன்றைத்தான். மெஷின் அந்தச் சொறிதலையும் பாடமாகப் படித்துவிட்டது; சொறியாமல் எதைச் சொன்னாலும் அதற்கு வாழைப்பழம்தான்! "சொறிஞ்சுக்கிட்டே சொல்லுக்கா!" என்று கையால் காட்டினாள்.

வெள்ளையம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் பொங்கின. ஆனாலும் பரபரவென்று விலாவைச் சொறிந்தாள், சொன்னாள், மறுபடி சொறிந்தாள். "குட்டியின் தொண்டையில் தேனீ" என்று எழுத்து ஓடியது. கொக்கு உடனே ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் குட்டி வீலென்று அலறியது. தாய்க்கு அது கேட்கவில்லை. வாய் திறந்ததைப் பார்த்தே தேம்பித் தேம்பி அழுதாள்.

வௌவால் அறிக்கை எழுதியது: "தற்போது தொண்ணூற்றொன்பது. பயனாளிகள் மேம்படுத்தப்பட்டுள்ளனர்." சிங்கராஜா மகிழ்ந்துபோய், காது கேளாத விலங்குகள் அனைவருக்கும் சொறியும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார். பயிற்சி ஆசிரியை வேலைக்குச் செண்பகம் மனுப் போட்டாள். தள்ளிவிட்டார்கள். சொறிவதில் அவளுக்கு முன்அனுபவம் இல்லையாம்.

நீதி: இயந்திரம் தப்பே செய்யாது, உங்களுக்குத்தான் அரிப்பு போதவில்லை.