மறைக்க ஒன்றுமில்லாதவரின் மின்சாரக் கார்

மனிதர்களில் 'மறைக்க ஒன்றுமில்லாதவர்' என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்கும் இரண்டொருவரைத் தெரிந்திருக்கும். கடைக்காரர் போன் நம்பர் கேட்டால் வீட்டு விலாசம், பிறந்த தேதி, மனைவியின் செருப்பு அளவு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் ஒரு கட்டுக் கீரை வாங்குவார். லிஃப்ட் கேமரா முகத்தைக் காட்டச் சொன்னால் இரண்டு கன்னத்தையும் திருப்பிக் காட்டுவார். பக்கத்தில் யாராவது கொஞ்சம் தயங்கினால் போதும், "தப்புப் பண்றவன்தாங்க பயப்படணும், எனக்கென்ன?" என்று மார்பைத் தட்டுவார். நல்ல மனிதர்தான். ஒரே ஒரு சின்னக் குறை. தனக்கு மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்லும்போது வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுவார்.

இந்த ரகத்தில் அசல் சரக்கு வேண்டுமென்றால் வூஹான் நகரத்துக் குவாங் தாவ்மிங்கைப் பார்க்க வேண்டும். குடிநீர் வாரியத்தில் துணைப் பிரிவுத் தலைவர். அந்தத் 'துணை'யை அவர் சொல்வதில்லை, மற்றவர்களும் மரியாதைக்காக விட்டுவிடுவார்கள். பல வருடமாக ஒரே கம்பெனியின் போன்தான் வாங்குகிறார். வீட்டில் சோறு வடிக்கிற குக்கர் அந்தக் கம்பெனி, தரை துடைக்கிற இயந்திரம் அந்தக் கம்பெனி, பல் தேய்க்கிற பிரஷ்கூட அந்தக் கம்பெனி. அப்படிப்பட்ட கம்பெனி ஒரு நாள் மின்சாரக் கார் செய்திருப்பதாக அறிவித்தது. மேடையில் முதலாளிக்குத் தொண்டை கம்ம, இங்கே சோபாவில் குவாங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணத்தன்று இவர் அழுததாக மனைவி நிங் ஹுய்க்கு ஞாபகம் இல்லை.

கார் கைக்கு வந்த அன்று திரையில் வரிசையாகக் கேள்விகள் வந்தன. குரலைக் கேட்கலாமா, முகத்தைப் பார்க்கலாமா, போகிற இடத்தைக் குறித்துக்கொள்ளலாமா, யார் எந்த இருக்கையில் உட்கார்ந்தார்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாமா? குவாங்கின் கட்டைவிரல் எங்கும் நிற்கவில்லை.

"லாவ் குவாங், இது என்ன, கண்ணாடி மேல ஒரு கேமரா என்னையே பார்த்துக்கிட்டு இருக்கு?" என்றாள் நிங் ஹுய். அங்கே பழகியவர்களை 'லாவ்' போட்டு உரிமையோடு கூப்பிடுவார்கள்.

"ஓட்டுறப்ப நீ தூங்கிட்டா எழுப்புறதுக்கு."

"தூங்கலேன்னா?"

"தூங்கலேன்னு பார்க்கிறதுக்கு."

"படிச்சாவது பாரேன், அதுல என்ன போட்டிருக்குன்னு."

"படிச்சுப் பார்க்கிறவங்கெல்லாம் எதையோ மறைக்கிறவங்க." இப்படிச் சொல்லிவிட்டு அவர் கடைசி ஒப்புதலையும் தொட்டார். விற்பனைப் பெண் கைதட்டினாள்.

கார் வாங்கியவர்கள் காரைப் பற்றிப் பேசுவார்கள். குவாங் பேட்டரியைப் பற்றித்தான் பேசுவார். கல்யாண விருந்தில் ஆவி பறக்க முழு மீன் வந்து மேஜையில் உட்காரும், எல்லோர் கையும் குச்சிகளை எடுக்கும், அப்போது இவர் தொண்டையைச் செருமிக்கொள்வார். "இந்த முள்ளு வரிசையாப் போகுது பாருங்க, எங்க பேட்டரியில செல் அடுக்கியிருக்கிறது அச்சா இப்படித்தான். நிக்கல் பேட்டரி இருக்கே, அது கோவக்காரப் பையன், சட்டுனு சூடாயிடுவான். எங்களுது இரும்பு பாஸ்பேட். அமைதியான மருமகன், வம்புதும்பு கிடையாது. குளிர் வந்தா மட்டும் கொஞ்சம் சோம்பேறி." அவர் முடிக்கும்போது மீனும் இரும்பு பாஸ்பேட் போலவே சில்லிட்டிருக்கும்.

அந்தச் சோம்பேறி மருமகனைக் காப்பாற்றுவதற்காக வீட்டில் சட்டங்கள் இருந்தன. முழுக்கச் சார்ஜ் போடக் கூடாது. வேகமாகச் சார்ஜ் போடக் கூடாது. காருக்குள் எதையும் தின்னக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹீட்டர் போடக் கூடாது. வூஹானின் குளிர்காலம் தெரிந்தவர்களுக்கு இதன் கொடுமை புரியும். வடக்கே இருப்பவர்களுக்கு அரசாங்கமே வீட்டைச் சூடேற்றிக் கொடுக்கிறது. இங்கே சாப்பாட்டு மேஜையில்கூடக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். அதே கோட்டோடு காரிலும் உட்கார்ந்து, வாயிலிருந்து புகை வர, நிங் ஹுய், தான் காசாளராக இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். குவாங்கின் அலுவலகம் மெட்ரோ பாதையில் இருந்ததால் கார் பகலில் அவளுக்கு. அதாவது கார் அவளுக்கு, காரைப் பற்றிய கவலை இவருக்கு. மெட்ரோவில் தொங்கிக்கொண்டே போனில் பார்ப்பார்: இதோ பாலம் ஏறுகிறாள், இதோ பிரேக்கைக் கொஞ்சம் அதிகமாக மிதித்துவிட்டாள்.

வசந்த விழாவுக்கு, அதாவது சீனப் புத்தாண்டுக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது என்ன நடக்கும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மகள் கிளம்பும்போது டிக்கியை மூட முடியாமல் மூடுகிற வரைக்கும் தாய் எதையாவது திணித்துக்கொண்டே இருப்பாள். உப்புக்கண்டம் போட்ட பன்றித் தொடை, உமியில் புதைத்த முட்டை, ஒரு மூட்டை தாமரைக் கிழங்கு. குவாங் அந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"அத்தை, தாமரைக் கிழங்குல பாதிக்கு மேல தண்ணி. தண்ணியை எதுக்கு இவ்வளவு தூரம் சுமக்கணும்? பேட்டரிக்குக் கஷ்டம்."

மாமியார் மூட்டையைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள். நிங் ஹுய் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். காருக்கு எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பதை மட்டும் குவாங் அவ்வப்போது அவளுக்கு அறிவித்தார்.

இத்தனை தியாகமும் ஒரு பட்டியலுக்காக. அந்தக் கம்பெனிக் கார் வைத்திருப்பவர்களுக்குப் போனில் ஒரு குழு உண்டு. அதில் மாதந்தோறும், நகரத்திலேயே குறைந்த மின்சாரத்தில் கார் ஓட்டியவர் யார் என்று வரிசை போடுவார்கள். குளிர்காலத்தில் முதலிடம் பிடிப்பவரைக் காட்சிக்கூடத்துக்கு அழைத்துச் சிவப்புப் பட்டை போர்த்தி, கையில் மைக்கைக் கொடுப்பார்கள். மைக்! குவாங்குக்குத் தூக்கத்தில்கூட அந்த மைக் வந்தது. ஆனால் முதலிடத்தில் 'ஏரிக்கரை நாரை' என்ற பெயரில் எவனோ ஒருவன் குந்தியிருந்தான். குவாங் இரண்டாவது. மயிரிழை வித்தியாசம்.

அந்த மயிரிழை எங்கே போகிறது என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். தினமும் சாயங்காலம் கார் குடியிருப்புக்கு வந்து நிற்கும். சக்கரம் உருளாது. பேட்டரி மட்டும் இறங்கும்.

"சாயங்காலம் காரை நிறுத்திட்டு நேரா மேலதானே வர்றே?" என்று கேட்டார்.

கீரை நறுக்கிக்கொண்டிருந்த நிங் ஹுய் தலை நிமிரவில்லை. "வேற எங்க போவேன்?"

கேள்விக்குக் கேள்வியே பதிலாக வந்தால் வேறு கணவனுக்குச் சந்தேகம் மனைவி மேல் வந்திருக்கும். குவாங்குக்கு அது பேட்டரி மேல் வந்தது. அதிலும் ஒரு நேர்மை இருக்கத்தான் செய்கிறது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் குழுவில் எழுதினார்: 'என் பேட்டரியில் மர்மமான கசிவு. அனுபவம் உள்ளவர்கள் உதவவும்.' எந்தெந்தத் தகவலை இணைக்கலாம் என்று செயலி பணிவாகக் கேட்டது. வெப்பநிலை, சார்ஜ், இருக்கை, குரல், உள்கேமரா. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். எல்லாவற்றுக்கும் கீழே 'எல்லாம்' என்று ஒன்று இருந்தது. இந்த ரகத்து மனிதர் எதைத் தொடுவார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

மதியம் கேன்டீனில் எள் விழுது போட்ட நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே பதில்களைப் பார்த்தார். ஒருவர் குளிரில் இரும்பு பாஸ்பேட் தப்புக் கணக்குக் காட்டும் என்றார். இன்னொருவர் செல்லையே மாற்றச் சொன்னார். கடைசியாக ஏரிக்கரை நாரை தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: "அண்ணே, செல்லுல கோளாறு இல்ல. சீட்ல ஆள் இருக்காங்க. நீங்க போட்ட வீடியோவைப் பார்த்தீங்களா? பார்த்துட்டு உடனே எடுத்துடுங்கண்ணே. நிறைய பேர் பார்த்துட்டாங்க."

குவாங் வீடியோவைத் தொட்டார்.

நிங் ஹுய் காரை நிறுத்துகிறாள். காலணியைக் கழற்றுகிறாள். ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு, இரண்டு காலையும் தூக்கிச் சூடு வருகிற இடத்தில் வைக்கிறாள். அவருக்கு முதலில் வலித்தது அந்த ஹீட்டர்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு பையிலிருந்து காரமான வாத்துக் கழுத்துப் பொட்டலம் வெளியே வருகிறது. பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, நிதானமாகக் கடிக்கிறாள். பிறகு காருக்குள் பேசுகிற குரலைக் கூப்பிடுகிறாள்.

"லிங்லிங், பேட்டரி எப்படி இருக்குன்னு என்னைக் கேளு."

"பேட்டரி எப்படி இருக்கிறது?" என்றது கார்.

"நல்ல கேள்வி!" நிங் ஹுய் வயிற்றை முன்னே தள்ளி, முகவாயைத் தூக்கி, தொண்டையைச் செருமினாள். கடித்து முடித்த வாத்துக் கழுத்து எலும்பை உயர்த்திப் பிடித்தாள். "இந்த முள்ளு வரிசையாப் போகுது பாரு லிங்லிங், செல் அடுக்கியிருக்கிறது அச்சா இப்படித்தான். நிக்கல் கோவக்காரப் பையன். இரும்பு பாஸ்பேட் அமைதியான மருமகன். அத்தை, அந்தத் தாமரைக் கிழங்கை இறக்கி வைங்க. நிங் ஹுய், நீயும் இறங்கிக்க. உன்னை ஏத்தினா அரை சதவீதம் போயிடும்!"

பிறகு சிரித்தாள். கையில் கையுறை இருந்ததால் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். குவாங் அசையாமல் பார்த்தார். இப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் நிமிர்ந்தாள்.

"லிங்லிங், நான் மேல போகணுமா?"

"உங்கள் வீடு மிக அருகில் உள்ளது. வழி காட்டட்டுமா?"

"வேண்டாம். தெரியும்."

ஹீட்டரை அணைத்து, எலும்பைப் பொட்டலத்தில் சுற்றி, காலணியை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

நூடுல்ஸ் கட்டியாகிவிட்டது. அதற்குள் குழாய்ப் பிரிவிலிருந்து ஒருவன் கேன்டீன் வாசலிலேயே நின்று, "தலைவரே, மருமகன் சௌக்கியமா?" என்று கேட்டான். மேஜைக்கு மேஜை குனிந்து சிரித்தார்கள். பதிவை அழிக்கிற பொத்தான் எங்கும் அகப்படாமல் குவாங் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அம்மா, இது எங்க குடும்ப விஷயம். ஊரே பார்க்குது. உடனே எடுத்துடுங்க."

"நீங்களே 'எல்லாம்' தொட்டிருக்கீங்க சார். எடுக்கச் சொல்லி விண்ணப்பம் போடுங்க, பரிசீலிப்போம். உங்க அனுபவத்தைப் பகிர்ந்ததுக்கு ரொம்ப நன்றி சார்."

சாயங்காலம் நிங் ஹுய் அவருக்கு முன்பே வீட்டில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க வந்த ஒரு பெண், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து போனை நீட்டி, "அக்கா, இது நீங்கதானே?" என்று கேட்டிருக்கிறாள்.

"நீ என்னைக் கேலி பண்ணியிருக்கே. ஆயிரக்கணக்கான பேரு பார்த்துட்டாங்க," என்று ஆரம்பித்தார் குவாங்.

"ஆயிரக்கணக்கான பேருக்குக் காட்டினது யாரு? நான் கண்ணாடியை ஏத்திவிட்டுத்தானே பேசினேன்?"

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. கால் விறைக்குதுன்னு சொன்னேன், நீ பேட்டரி எவ்வளவுன்னு சொன்னே. அம்மா மனசு கஷ்டப்பட்டுதுன்னு சொன்னேன், நீ பேட்டரி எவ்வளவுன்னு சொன்னே." அவள் குரல் உயரவில்லை. "நாள் பூரா ஜன்னல் வழியா ஆயிரம் பேரு என்கிட்டப் பேசுறாங்க. வீட்டுக்கு வந்தா நீ பேசுறே. நடுவுல ஒரு அரை மணி நேரம், அது ஒண்ணுதான் எனக்கு இருந்தது, லாவ் குவாங். அதையும் எடுத்து ஊருக்குக் குடுத்துட்டே."

அவருக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் கடைக்குப் போய்க் கறுப்பு ஒட்டுத்தாள் வாங்கி வந்து, தன் கையாலேயே கேமராவின் கண்ணை மூடினார். மின்சாரக் கணக்கைத் தவிர மற்ற ஒப்புதல்களை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி ரத்து செய்தார், கொடுக்க ஒரு நிமிடம் ஆனதற்கு எடுக்க ஒரு நாள் பிடித்தது. "இனிமே ஹீட்டர் போட்டுக்க. முழுசாவே போட்டுக்க," என்றார்.

"போட்டுக்கறேன்," என்றாள் அவள். "ஆனா அந்தக் கார்ல இனிமே எனக்குப் பேச்சு வராது."

கீழ்வீட்டுத் தாங் அக்காவிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. கையால் சுற்றி இறக்குகிற ஜன்னல், பெட்ரோல் வாசம், நிறுத்தினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அதற்கு யாரையும் தெரியாது, எதுவும் நினைவிருக்காது. வேலை முடிந்து வந்ததும் நிங் ஹுய் இப்போது அதில்தான் போய் உட்காருகிறாள். அதனால் குவாங்கின் பேட்டரி சாயங்காலத்தில் இறங்குவதே இல்லை. மாதக் கடைசியில் பட்டியல் வந்தது. வூஹானில் முதலிடம் குவாங் தாவ்மிங்.

சிவப்புப் பட்டை போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். "இந்தச் சாதனையோட ரகசியம் என்ன அண்ணே?" என்று கேட்டு நாரையே முன்வரிசையிலிருந்து கைதட்டினான். கூட்டம் ஆவலோடு பார்த்தது. குவாங் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அது... வீட்டு விஷயம்ங்க," என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். கற்பூர மரத்தடியில் பழைய காரின் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. உள்ளே இரண்டு தலைகள் ஆடின, யாரோ யாரையோ நடித்துக் காட்டுகிற மாதிரி. யாரை என்று எந்தச் செயலியும் அவருக்குச் சொல்லவில்லை.

நீங்கள் சிரிக்கலாம். உங்களிடம் மின்சாரக் கார் இல்லை, விருந்தில் மீன் முள்ளைக் காட்டிப் பேசுகிற வழக்கமும் இல்லை, ரொம்பச் சந்தோஷம். இருந்தாலும் இன்று சாயங்காலம் ஒன்று மட்டும் கவனியுங்கள். உங்கள் வீட்டு ஆள் கீழே வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டதற்கும் கதவு திறப்பதற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகிறது? அதிகம் ஆனால் கேமரா வைத்துக் காரணம் தேட வேண்டாம். காரணம் வீட்டுக்குள்ளே, இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.