நீதிபதியின் மூக்குக்கண்ணாடி

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். அங்கே உன் இடது காலைத் தவிர மற்றதெல்லாம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். நேற்று சாயங்காலம் போனில் "கையெழுத்து கிடைக்கல அக்கா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. ஆகவே நடந்ததை எழுதி என் வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் மேல் எரிந்து விழாதே, அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வரிகள் கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், காரணம் பின்னால் வருகிறது.

பதினொரு வருஷமாக ஒரு நாள் விடாமல் பார்க்கிற டிவி தொடரில் நீதிபதியாக நடிப்பவர் ரசிகர் சந்திப்புக்கு வருகிறார் என்றதும் முதல் ஆளாக டிக்கெட் எடுக்கச் சொன்னவள், முந்தின நாள் பார்த்து ஸ்டூலில் ஏறிப் பல்பு மாற்றிக் காலை உடைத்துக்கொண்டாய். டிக்கெட்டையும் அவருடைய படத்தையும் என்னிடம் நீட்டி நீ சொன்னது மறக்கவில்லை. "இதுல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அங்க போயும் உன் கடையத் திறந்துடாதே." நானும் தலையாட்டினேன். ஆனால் அக்கா, முப்பத்தெட்டு வருஷம் கண்ணாடிக் கடையில் நின்றவன் நான். அந்த மனிதரின் கறுப்பு பிரேம் கண்ணாடி, நான் போட்டிருக்கிற அதே ரகம்தான், இடது பக்கம் ஒரு நூல் அளவு இறங்கியிருக்கிறது. நீ அவருடைய தீர்ப்பைக் கேட்டாய். நான் அந்த ஒரு நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, கால் கடுத்து, என் முறை வந்தது. "வாங்க சார், உக்காருங்க" என்றார், நல்ல மனுஷன். கிட்டத்தில் பார்த்தால் ஒரு நூல் இல்லை அக்கா, இரண்டு நூல்! என் கை தானாகவே சட்டைப்பைக்குப் போய்க் குட்டித் திருப்புளியை எடுத்துவிட்டது. "ஒரு நிமிஷம் சார், இதக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க" என்றேன். பாவம், மறுக்கத் தெரியாமல் கொடுத்தார். கிட்டத்து வேலைக்கு என் கண்ணாடி இடைஞ்சல் என்பதால் அதையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவர் கண்ணாடியின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தபோது, வரிசையைப் பார்த்துக்கொள்ளும் தடியன் ஓடிவந்தான். "ஐயா, போட்டோ எடுக்க வந்தீங்களா, ரிப்பேர் பண்ண வந்தீங்களா? பின்னாடி முந்நூறு பேர் நிக்கிறாங்க!" கையிலிருந்ததையும் மேசையில் வைத்துத் திருப்புளியைப் பையில் போட்டேன்; அவசர அவசரமாக என்னுடையதை நான் மாட்டிக்கொண்டு, அவருடையதை என் கையாலேயே அவருக்கு மாட்டிவிட்டேன். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலையே சார்!" என்று சிரித்தார். உன் படத்தை வைத்தேன். குனிந்து, "அன்பு அக்காவுக்கு" என்று ஆசையாக எழுதி, பெரிதாக ஒரு கையெழுத்தும் போட்டார். அத்தனையும் படத்துக்கு நாலு விரல் தள்ளி, மேசை விரிப்பில். பார்வை அவ்வளவு மோசம்! விரிப்பையாவது கத்தரித்துத் தரச் சொன்னேன். தடியன் என்னைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் விட்டான்.

இந்தக் கூட்டத்தில் என் கண்ணும் கெட்டுவிட்டது. வேறு பஸ்ஸில் ஏறி ஊரைச் சுற்றினேன். துணிக்கடை வாசல் பொம்மையிடம் வழி கேட்டேன். வீட்டில் மனைவி இரண்டு பேராகத் தெரிகிறாள். ஒருத்தியையே சமாளிக்க முடியாதவன் நான். கண்புரையாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகிறேன்.

ராத்திரி நீ சாப்பிடவே இல்லை என்று அத்தான் சொன்னார். அதிலிருந்து மனசு சரியில்லை. தப்பு என்னுடையதுதான். ஆனாலும் அந்தக் கோணலை நிமிர்த்திவிட்டேன் என்று நினைத்தால் உள்ளே ஒரு சந்தோஷம் வருகிறது, உன்னிடம் மறைப்பானேன்?

உன் எலும்பு சீக்கிரம் கூடட்டும், கோபம் அதற்கும் முன்னால் ஆறட்டும். அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே கண்களைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடு. உறையை ஒட்டும்போது போன் வந்தது. டிக்கெட்டுக்கு என் நம்பரைக் கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று. "சார், நான் நீதிபதி பேசறேன். நேத்துலேருந்து வசனமெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. உங்க மூக்குல இருக்கறது யாரோடதுன்னு கொஞ்சம் கழட்டிப் பாருங்க." கழற்றிப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருஷ அனுபவம், அக்கா! எங்கே வந்து மாற்றிக்கொள்வது என்று கேட்டார். உன் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறேன். நாளை சாயங்காலம் நாலு மணி. படத்தை எடுத்து வை. ஆனால் அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்ட பிறகு நீட்டு.