டிரம்பெட்டும் பச்சைச் சுவரும்

எனக்கு டிரம்பெட் ஊத வராது. தம்பட்டம் அடிக்க நன்றாக வரும். எங்கள் ஊர் எல்க்ஹார்ட்டில் பாதிப் பேர் வாத்தியத் தொழிற்சாலையில் உழைத்தவர்கள், நானும்தான். ஓய்வுபெற்ற பிறகு, நசுங்கிக் கிடந்த ஒரு பழைய வெள்ளி டிரம்பெட்டை நிமிர்த்தி, முகம் தெரியும்படி மெருகேற்றி வைத்திருந்தேன். ஊர் இசைவிழாச் சுவரொட்டிக்கு அதன் படம் கேட்டார்கள். வேறு எவனும் எடுக்கக்கூடாது, நானே எடுப்பேன் என்று சபதம் செய்தேன்.

சமையலறை மேசையில் வைத்து, இரண்டு பெரிய விளக்குகளை நேராக அதன் மேல் அடித்தேன். படத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டு. நடுவில் என் தொப்பை.

என் மனைவி மார்லிஸ் எட்டிப் பார்த்தாள்.

"தொப்பை நல்லா விழுந்திருக்கு, வெர்ன்."

"வெளிச்சம் பத்தல."

"அது கண்ணாடி மாதிரி. எதிர்ல இருக்கறதைத்தான் காட்டும். விளக்கை அது மேல அடிக்காதே, சுவத்துல அடி. அங்கேருந்து திரும்பி வர்ற வெளிச்சம் சாதுவா விழும்."

நானும் அதைத்தான் நினைத்தேன், அவள் சொன்ன பிறகு. விளக்குகளைத் திருப்பினேன். பொட்டு போயிற்று; டிரம்பெட் பச்சையாயிற்று. எங்கள் சுவர் பட்டாணி நிறம்.

"பாசி பிடிச்ச மாதிரி இருக்கே" என்றாள்.

"வெள்ளை விரிப்பு இருந்தா குடு, கட்டித் தொங்கவிடறேன்."

"சுருக்கமெல்லாம் தெரியுமே. ஸ்டூடியோக்காரங்க சுவருக்கே வெள்ளை அடிச்சு வெச்சிருப்பாங்க. உனக்கெதுக்கு அந்தச் சிரமம், விட்டுடு."

என்னையா விடச் சொல்கிறாள்? சுவருக்கு அடித்தேன். உட்கூரைக்கு அடித்தேன். அலமாரிக் கதவும் டிரம்பெட்டில் தெரிகிறது என்று அவள் காட்டினாள், அதற்கும் அடித்தேன். இப்போது எல்லாம் வெள்ளையாகி, வாத்தியத்தின் ஓரமே கரைந்துவிட்டது. இரண்டு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்தினேன். இது முழுக்க என் சொந்த மூளை.

பால் போன்ற வெளிச்சம், ஓரத்தில் மை தீட்டியது போல ஒரு கோடு. சுவரொட்டி கடைக்குக் கடை தொங்கியது. யார் எடுத்த படம் என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன். கேட்காதவர்களுக்கு விளக்கமாகச் சொன்னேன்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு ட்ரூடி வந்தாள். சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"படம் பிரமாதம், வெர்ன்."

"உட்காருங்க ட்ரூடி. அதை எப்படி எடுத்தேன்னா..."

"மார்லிஸ் எல்லாம் சொல்லிட்டா. அந்த டிரம்பெட்டை ஒரு வாரம் கடன் குடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு கேமரா வாங்கிக் குடுத்துட்டேன். எங்க கூடத்துக்கும் பெயிண்ட் அடிச்சாகணும்."