சர்ச் வாசலில் எங்கள் மக்காச்சோளம்

படப்பை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள ஆஷா அத்தைக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் நலம், நாளை சாயங்காலம் வரைக்கும். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள், ஜெபசீலன் மாமாவிடம்கூட. மாமா விழுந்து விழுந்து சிரிப்பார், அடுத்த நிமிஷம் அம்மாவுக்கு ஃபோன் போகும். காலையில் தாம்பரம் காலேஜுக்கு வரும் மெர்வின் அண்ணனிடம் உறையை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வருஷம் பக்கத்துக் கத்தரித் தோட்டத்திலிருந்து வெள்ளை ஈ வந்து நம் கொய்யா முழுவதும் பாழானதும், அம்மா மரத்தடியில் உட்கார்ந்து அழுததும் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த வருஷம் மரங்களுக்கு நடுவே துலுக்கச் சாமந்தியும், தோட்டத்தைச் சுற்றி நெருக்கமாக மக்காச்சோளமும் போட்டார்கள். எதற்கென்று எனக்கு யார் சொன்னார்கள்? "கொய்யாவுல கை வெச்ச, தோலை உரிச்சிடுவேன்" என்றார்கள், சோளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அறுப்பின் பண்டிகைக்கு சர்ச் வாசலில் கட்ட சோளத்தட்டை யார் கொண்டுவருவீர்கள் என்று ரத்தினபாய் டீச்சர் ஞாயிறு பள்ளியில் கேட்டதும், என் கை தானாக மேலே போய்விட்டது. நேற்று அம்மா பாட்டுப் பயிற்சிக்குப் போனதும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒன்றுவிடாமல் வெட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டோம். இன்று அம்மா அந்தச் சோளத்துக்கு அடியிலேயே நின்று டீச்சரிடம் பெருமையாகச் சொல்கிறார்கள், அத்தை: "எங்க தோட்டத்துக்கு சோளம்தான் வாட்ச்மேன். அது நிக்கிறவரைக்கும் வெள்ளை ஈ உள்ள வராது." நான் டீச்சர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அது போதாதென்று, காணிக்கைகளை ஏலம் விட்டபோது அப்பா அந்தச் சோளக்கட்டையே கேட்டார். வருஷா வருஷம் மாட்டுக்குத் தட்டை எடுக்க வரும் பால்காரர் குப்புராஜ், "இன்னா சார், மாடு வாங்கிக்கினீங்களா? சொல்லவேயில்ல!" என்று கேலி செய்தும் அப்பா விடவில்லை. நம் சோளத்தை நாமே ஏலம் எடுத்து வீட்டுப் பின்பக்கம் சாத்தி வைத்திருக்கிறோம். அது நம்முடையது என்றுகூட அப்பாவுக்குத் தெரியவில்லை, பாவம்.

நாளை அம்மா பள்ளிக்கூடம் முடிந்து நேரே தோட்டத்துக்குப் போவார்கள். அதற்குள் வந்துவிடுங்கள். திட்டு பரவாயில்லை. மறுபடியும் அவர்கள் அந்த மரத்தடியில் உட்கார்ந்துவிடக் கூடாது.

மாமாவுக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல்லுங்கள். கடிதம் வந்ததை மட்டும் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஜோவிதா

பி.கு.: கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "ஜோவி, சத்தம் போடாம வா. அம்மா எந்திரிக்கிறதுக்குள்ள சோளத்தை வரப்புல நட்டுடலாம்."

அவருக்குப் பின்னாலேயே அம்மா: "வெட்டினதை நட்டா முளைக்குமாங்க? புது விதை ஊறப் போட்டிருக்கேன், காலைல ரெண்டு பேரும் வந்து விதைங்க. ஏய், இந்நேரத்துல லைட்டைப் போட்டுக்கிட்டு யாருக்குடி எழு